புற்றணுவின் பசி: வளர்வதற்கும் பரவுவதற்கும் அது உண்பது என்ன?



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவில் புற்றுநோயின் உயிர்வேதியியலைப் பேசுவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழ் அறிவியல் நூல்களில் 'வளர்சிதைமாற்றம்' என்னும் சொல்லை நாம் காண்கிறோம். ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேருக்கு 'மாற்றம்' என்பது மட்டுமே பொருள். தமிழ்ச் சொல்லோ கூடுதலாகச் சொல்கிறது. உண்ட உணவைச் சிதைத்து ஆற்றல் பெறுவது ஒரு பாதி. அவ்வுணவின் கூறுகளைக் கொண்டே உடலைக் கட்டி வளர்ப்பது மறு பாதி. 'வளர்', 'சிதை' ஆகிய இரண்டையும் அருகருகே நிறுத்திய அந்தச் சொல்லாக்கம், புற்றணுவைப் புரிந்துகொள்ள இன்று நாம் பேசப்போகும் கருத்துக்கு மிக அணுக்கமானது. சிதைப்பதைக் குறைத்து வளர்ப்பதைக் கூட்டிக்கொண்ட உயிரணுவே புற்றணு என்று ஒருவாறு கூறலாம்.

இதைப் பேச வேண்டிய தேவை வேறொரு திசையிலிருந்தும் வருகிறது. 'புற்றுநோய்க்குச் சர்க்கரையே உணவு. சர்க்கரையை நிறுத்தினால் அது பட்டினியால் மடியும். இதைக் கண்டறிந்தவர் நோபல் பரிசு பெற்றார்' என்னும் செய்தி நம் கைபேசிகளுக்கு நல்ல தமிழிலேயே வந்து சேர்கிறது. அனுப்புகிறவர்கள் அன்பால்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அதை நம்பிச் சோற்றையும் பழத்தையும் ஒதுக்கி, சிகிச்சைக் காலத்தில் மெலிந்துபோகும் நோயாளிகள் உண்டு. அந்தச் செய்தியில் உண்மை எது, பிழை எது என்று பிரித்துப் பார்ப்பது, தமிழ் படித்த நமக்கும் உரிய பணி என்றே கருதுகிறோம்.

1920களின் தொடக்கத்தில், பெர்லின் நகரின் டாலெம் பகுதியிலிருந்த ஆய்வு நிலையத்தில் ஓட்டோ வார்பர்க் என்னும் உயிர்வேதியியலர் எலியின் கட்டிகளை மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடிக் குடுவையில் இட்டார். குடுவையோடு இணைந்த குழாயில் நீர்மம் ஏறி இறங்குவதைக் கொண்டு, திசு எவ்வளவு உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு அமிலத்தை வெளியிடுகிறது என்று அளந்தார். கட்டியின் சீவல்கள் குளுக்கோசை விரைந்து விழுங்கி, அதன் பெரும்பகுதியை லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளின. தயிரைப் புளிக்கச் செய்வதும் இந்த அமிலந்தான். பள்ளி விளையாட்டுப் போட்டியில் நானூறு மீட்டர் ஓடி முடிக்கும் மாணவனின் தசையில் சுரப்பதும் இதுவே. ஆனால் ஓடுகிறவனின் தசையில் அது மிகுவது, உயிர்வளியைக் கொண்டு எரிக்கும் வேகம் போதாமல் போகும்போது. வார்பர்க்கின் குடுவையில் உயிர்வளிக்குக் குறைவில்லை. உயிர்வளி கிடைத்தால் ஈஸ்ட் நொதித்தலைக் குறைத்துக்கொள்கிறது என்று பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார். கட்டியோ, காற்று நிறைய இருந்தும் நொதிக்கச் செய்துகொண்டே இருந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், கணக்கு இடிக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உயிர்வளியோடு முழுவதும் எரித்தால் உயிரணுவுக்கு ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கின்றன. ஏ.டி.பி. என்பது உயிரணுவின் ஆற்றல் நாணயம். லாக்டிக் அமிலத்தோடு நிறுத்திக்கொண்டால் கிடைப்பவை இரண்டே. அடங்காமல் பெருகும் ஓர் உயிரணு ஏன் இவ்வளவு ஊதாரியாக இருக்க வேண்டும்?

வார்பர்க் கூறிய விடை எளிமையானது. புற்றணுவின் சுவாச உறுப்பு, அதாவது மைட்டோகாண்டிரியா, பழுதாகிவிட்டது. வேறு வழியின்றி அது நொதித்தலுக்குத் தாவியது. அந்தப் பழுதே புற்றுநோயின் மூல காரணம். 1956இல் 'சயன்ஸ்' இதழில் இதை மீண்டும் வலியுறுத்தினார். 1970இல் இறக்கும்வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கு 1931இல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அது உயிரணுச் சுவாசத்துக்கான நொதியைப் பற்றிய ஆய்வுக்காக. கைபேசிச் செய்தியின் முதற்பிழை இங்கேயே இருக்கிறது. வார்பர்க் கண்டது சரி. அவர் அளவீடுகள் இன்றும் நிற்கின்றன. அதற்கு அவர் கற்பித்த காரணந்தான் நிற்கவில்லை. பெரும்பாலான கட்டிகளில் மைட்டோகாண்டிரியா நன்றாகவே இயங்குகிறது. நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகர ஆய்வாளர்கள் மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.வை இழந்த புற்றணுக்களை எலியின் உடலில் செலுத்திப் பார்த்து, அதன் முடிவை 2015இல் வெளியிட்டனர். அவை உடனே வளரவில்லை. எலியின் சொந்த உயிரணுக்களிடமிருந்து மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.வைப் பெற்றுக்கொண்ட பின்னரே கட்டியாக வளர்ந்தன. சுவாசம் தேவையற்ற ஒன்றாயின் அதை இரவல் வாங்க வேண்டியதில்லையே.

அப்படியானால் ஊதாரித்தனத்துக்குப் பொருள் என்ன? நம் தோட்டப்புறத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டி விறகாக எரித்த காலம் ஒன்று இருந்தது. பிறகு அதே மரத்தைப் பதப்படுத்தி, மேசையும் நாற்காலியும் செய்து ஏற்றுமதி செய்யத் தொடங்கினோம். எரித்தால் வெப்பம் கிடைக்கும், மரம் மிஞ்சாது. எரிக்காமல் வைத்தால் தளவாடம் கிடைக்கும், வெப்பம் கிடைக்காது. குளுக்கோசும் அத்தகையதே. அதை முழுதாக எரித்தால் அதன் ஆறு கரிம அணுக்களும் கரிவளியாகி மூச்சோடு வெளியேறிவிடும். ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டிய உயிரணுவுக்கோ ஆற்றல் மட்டும் போதாது. இன்னொரு முழு உயிரணுவுக்குரிய சவ்வும் புரதமும் டி.என்.ஏ.வும் கட்டப்பட வேண்டும். அவற்றுக்குக் கரிமம் வேண்டும். ஆகவே குளுக்கோஸ் சிதையும் பாதையின் இடையிடையே கிளைகள் பிரிகின்றன. ஒரு கிளையில் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய சர்க்கரைக் கூறு உருவாகிறது, மற்றொன்றில் செரின் என்னும் அமினோ அமிலம், இன்னொன்றில் கொழுப்பமிலம். குளுட்டமின் என்னும் அமினோ அமிலமும் பெருமளவில் உள்ளே இழுக்கப்பட்டு, கட்டுமானத்துக்காக எடுக்கப்பட்டவற்றின் இடத்தை நிரப்புகிறது. குளுக்கோசின் பெரும்பகுதி லாக்டிக் அமிலமாக வெளியேறினாலும், ஓட்டம் விரைவாக இருப்பதால் கிளைகளுக்குச் சரக்கு குறைவதில்லை. 2009இல் வாண்டர் ஹைடன், கான்ட்லி, தாம்சன் ஆகிய மூவர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இவ்விளக்கத்தைப் பரவலாக்கியது. எல்லாக் கேள்விகளுக்கும் அது விடையளித்துவிடவில்லை. ஆயினும் 'பழுதான சுவாசம்' என்பதைவிட 'திசைமாறிய கட்டுமானம்' என்பது உண்மைக்கு நெருக்கமானது.

இக்குணம் புற்றணுவுக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நோய்க்கிருமியைக் கண்டதும் விரைந்து பெருகும் நம் வெள்ளையணுக்களும் இவ்வாறே குளுக்கோசை விழுங்கி லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. இது உயிரினம் வளர்வதற்காகவே வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு. 'வளர்' என்னும் கட்டளை முடிந்ததும் அது ஓய்ந்துவிட வேண்டும். மரபணு மாற்றத்தால் அக்கட்டளை ஓயாமல் ஒலிக்கும் உயிரணுவில் ஏற்பாடும் ஓய்வதில்லை.

இந்தப் பசியை மருத்துவம் ஒருவகையில் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டது. பெட் ஸ்கேன் என்று நாம் கேள்விப்படும் சோதனையில், கதிரியக்கம் கொண்ட ஃபுளோரின் அணுவை ஏற்ற குளுக்கோசைப் போன்ற ஒரு பொருளை நோயாளிக்குச் செலுத்துகிறார்கள். உயிரணு அதைக் குளுக்கோஸ் என்று எண்ணி உள்ளே எடுத்து, முதல் படியைக் கடத்துகிறது. அடுத்த படிக்கு அது பொருந்தாது. ஆகவே உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அந்த ஃபுளோரினின் அரைவாழ்வு 110 நிமிடங்களே. அதற்குள் படமெடுத்தால் பசி மிகுந்த இடங்கள் ஒளிர்கின்றன. 1976இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்கு இப்பொருள் செலுத்தப்பட்டது. படத்தில் மூளையும் ஒளிரும், காசநோயால் வீங்கிய நிணநீர்க் கட்டியும் ஒளிரும். ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல.

இனி, கைபேசிச் செய்தியின் நடுப்பகுதிக்கு வருவோம். கட்டி சர்க்கரையை உண்கிறது என்பது மெய்யானால், நாம் சர்க்கரையை நிறுத்தினால் என்ன?

இதற்குரிய விடையின் திறவுகோலும் 1920களிலேயே கிடைத்துவிட்டது. பிராகா நகரில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கெர்ட்டி கோரி, கார்ல் கோரி இணையர் 1925இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். கோழியின் ஒரு சிறகில் மட்டும் கட்டி. மறு சிறகு நலமானது. இரு சிறகுகளிலிருந்தும் திரும்பும் இரத்தத்தை ஒப்பிட்டபோது, கட்டியுள்ள சிறகின் இரத்தத்தில் குளுக்கோஸ் குறைந்தும் லாக்டிக் அமிலம் மிகுந்தும் இருந்தன. குடுவையில் வார்பர்க் கண்டதை உயிருள்ள உடலில் கண்டார்கள். பின்னர் இவ்விணையர் தெளிவாக்கிய சுழற்சி அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. தசை வெளியிடும் லாக்டிக் அமிலம் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோசாக்கி இரத்தத்தில் விடுகிறது. 1947இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் கெர்ட்டி கோரியே.

இச்சுழற்சியைக் கட்டியோடு பொருத்திப் பாருங்கள். கட்டி ஒரு குளுக்கோசை எடுத்து இரண்டு ஏ.டி.பி. பெறுகிறது. அது வெளியிட்ட லாக்டிக் அமிலத்தை மீண்டும் குளுக்கோசாக்கக் கல்லீரல் ஆறு ஏ.டி.பி.க்கு நிகரான ஆற்றலைச் செலவிடுகிறது. நான்கு, உடலுக்கு நட்டம். நோயாளி உண்ணாமலிருந்தால் என்ன ஆகும்? மூளைக்கும் இரத்தச் சிவப்பணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும் என்பதால், உடல் இரத்தச் சர்க்கரையைப் பெரிதாகத் தாழ விடாது. கல்லீரல் தன் சேமிப்பைக் கரைக்கும். அது தீர்ந்ததும் தசைப் புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்யும். கட்டி அந்தக் குளுக்கோசையும், தசை உடைந்து வரும் குளுட்டமினையும் எடுத்துக்கொள்ளும். ஆக, பட்டினி முதலில் தின்பது கட்டியை அன்று, நோயாளியின் தோளையும் தொடையையும்தான். முற்றிய புற்றுநோயில் அழற்சிச் சுரப்புகளாலும் தசை கரைகிறது. அந்த மெலிவு மிகுந்தால் மருந்தின் கடுமையைத் தாங்கும் ஆற்றலும் குறைகிறது.

இதனால் சர்க்கரை எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்று நாம் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. மிகு உடற்பருமன் குறைந்தது 13 வகைப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் அறிவித்தது. இனிப்புப் பானங்களைக் குறைக்க அதுவும் நீரிழிவுமே போதிய காரணங்கள். நோய் வராமல் காப்பது வேறு. வந்த கட்டியைச் சமையலறையில் பட்டினி போட முயல்வது வேறு. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலப்பதுதான் தீங்கு.

புற்றணுவைப் பட்டினி போட்டு வென்ற வரலாறும் உண்டு. அது சர்க்கரையால் அன்று, ஒரு வைட்டமினால். 1930களின் தொடக்கத்தில், அன்றைய பம்பாயில், கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், நம் வீடுகளிலும் கஞ்சியில் கலந்து உண்ணப்படும் மார்மைட் அதைத் தீர்க்கக் கண்டார். அதிலுள்ள பொருள் ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெரியவந்தது. புதிய டி.என்.ஏ.வைக் கட்டுவதற்கு அது இன்றியமையாதது. இரத்தசோகையைத் தீர்த்த பொருள் இரத்தப் புற்றையும் தீர்க்குமோ என்று பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். நோய் விரைவதைப்போல் தோன்றியது. உடனே எதிர்த்திசையில் சிந்தித்தார். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள் கிடைக்குமா? லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு அமினோப்டெரின் என்னும் அப்பொருளை உருவாக்கித் தந்தது. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1929இல் ஃபிஸ்கேயோடு சேர்ந்து ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவரும் அவரே. 1948இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. தற்காலிகந்தான், ஆனால் அதற்குமுன் அத்தகைய தணிவை மருந்தால் யாரும் கண்டதில்லை. அதன் இளவலான மெத்தோடிரெக்சேட் இன்றும் வழக்கில் உள்ளது. சுப்பாராவ் அதே 1948இல் காலமானார். அவர் பெயர் நம் பாடநூல்களில் இன்னும் அழுத்தமாக இடம்பெறலாம் என்பது எம் எண்ணம்.

மற்றொன்று அஸ்பராஜின். அஸ்பராகஸ் என்னும் தண்டுக் காயிலிருந்து 1806இல் பிரித்தெடுக்கப்பட்டதால் அப்பெயர் பெற்ற அமினோ அமிலம் அது. நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே இனத்தைச் சேர்ந்த கொடியே. நம் உயிரணுக்கள் பெரும்பாலும் அதைத் தாமே செய்துகொள்ளும். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றின் அணுக்களுக்கு அத்திறன் மிகக் குறைவு. இரத்தத்தில் கிடைப்பதையே நம்பியிருக்கின்றன. அஸ்பராஜினேஸ் என்னும் நொதியைச் செலுத்தி இரத்தத்திலுள்ள அஸ்பராஜினைச் சிதைத்துவிட்டால் அவை மடிகின்றன. பட்டினி இங்கே பயன்தருகிறது. ஏனெனில் நலமான அணுவுக்கு மாற்றுவழி உண்டு, புற்றணுவுக்கு இல்லை. குளுக்கோசில் அந்த வேற்றுமை கிடையாது.

இதே அஸ்பராஜின் நம்மைப் புற்றுப்பரவலுக்கும் அழைத்துச் செல்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்று கொண்ட எலிகளில் அஸ்பராஜினைக் குறைத்தபோது, கட்டி நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. முதற்கட்டியின் வளர்ச்சியிலோ பெரிய மாற்றமில்லை. செய்தித்தாள்கள் உடனே அஸ்பராகஸ் உண்ண வேண்டாம் என்று எழுதின. புரதமுள்ள உணவு எதிலும் அஸ்பராஜின் உண்டு. உடலும் அதைச் செய்கிறது. தலைப்புச் செய்தியை விடுத்து உள்ளே பார்த்தால் கிடைக்கும் உண்மை முக்கியமானது. கட்டி வளர்வதற்கு வேண்டியதும் பரவுவதற்கு வேண்டியதும் ஒன்றல்ல. புற்றுநோயால் நேரும் மரணங்களில் பெரும்பான்மைக்குக் காரணம் முதற்கட்டியன்று, பரவலே. ஆகவே இந்த வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று.

பரவலின் முதற்படியில் லாக்டிக் அமிலமே கருவியாகிறது. வெளியேற்றப்பட்ட அமிலம் கட்டியைச் சுற்றியுள்ள இடத்தைப் புளிக்கச் செய்கிறது. அப்புளிப்பில் அண்டைத் திசுவைக் கட்டிவைத்திருக்கும் நார்ப்புரதங்களை அரிக்கும் நொதிகள் ஊக்கம் பெறுகின்றன. கட்டியைத் தாக்க வந்த வெள்ளையணுக்களோ அங்கே சோர்ந்துபோகின்றன. அவற்றுக்கு வேண்டிய குளுக்கோசையும் கட்டியே எடுத்துக்கொண்டுவிடுகிறது. விரைந்து வளரும் கட்டியின் உட்பகுதியில் இரத்தம் எட்டாமல் உயிர்வளி குறையும்போது, எச்.ஐ.எஃப். என்னும் புரதம் விழித்துக்கொண்டு, குளுக்கோஸ் வாயில்களைப் பெருக்கி, புதிய இரத்தக் குழாய்களுக்கும் ஆணையிடுகிறது. உயிர்வளியை உயிரணு உணரும் இம்முறையைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகியோருக்கு 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கட்டியைவிட்டுப் பிரிந்து இரத்தத்தில் இறங்கும் புற்றணுவின் நிலை வேறு. அண்டை அணுக்களின் பிடிமானம் இல்லை. உயிர்வளி மிகுந்த இரத்தம். அதனுள் வினைமிகு உயிர்வளிக் கூறுகள் பெருகி அதை உள்ளிருந்தே அரிக்கின்றன. பெரும்பாலான அணுக்கள் இப்பயணத்திலேயே மடிந்துவிடுகின்றன. அப்படியானால், அவ்வரிப்பைத் தடுக்கும் பொருளை நாமே கொடுத்தால்? அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலும் சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலும் இரு குழுக்கள் 2015இல் தனித்தனியே இதைச் சோதித்தன. தோற்புற்று கொண்ட எலிகளுக்கு உயிர்வளியேற்றத் தடுப்பி ஒன்றைக் கொடுத்தபோது பரவல் கூடியது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் மனிதரிடமிருந்தும் ஓர் எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடையே நுரையீரல் புற்று குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. காரட்டும் கீரையும் உணவாக உண்பதைப் பற்றியதன்று இது. 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று பெயர் ஒட்டிய குப்பிகளை நோயாளியைப் பார்க்கப் போகும்போது அன்பளிப்பாக எடுத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே பெருகிவருவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயணத்தில் தப்பிய அணு புதிய உறுப்பில் குடியேற வேண்டும். அங்கே கிடைக்கும் உணவு பழைய ஊரின் உணவன்று. மூளையைச் சூழ்ந்த நீர்மத்தில் செரின் மிகக் குறைவு. கொழுப்பும் எளிதில் கிட்டாது. ஆகவே மூளையில் குடியேறும் மார்பகப் புற்றணுக்கள் செரினையும் கொழுப்பமிலத்தையும் தாமே செய்துகொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகின்றன என்று 2020, 2021ஆம் ஆண்டுகளில் வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வாறு தாமே செய்துகொள்ளும் பாதையை அடைத்தால், அங்கு அவை வளர்வது தடைப்படுகிறது. ஒரே நோயாளியின் ஒரே புற்று, மார்பில் ஒன்றை உண்டு மூளையில் வேறொன்றைச் சமைக்கிறது. அந்தச் சமையலைத் தடுக்கும் மருந்துகள் மூளையின் இரத்தத் தடையைக் கடந்து உள்ளே செல்ல வேண்டும். இன்று ஆய்வகங்கள் பல முட்டிமோதிக்கொண்டிருப்பது அந்த வாசலில்தான்.

உங்கள் கேள்விகளுக்கு இடம் விட்டு இத்துடன் அமர்கிறோம்.